இரண்டு அங்குல இடைவெளி

"இருபத்தொம்பது வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவன் நான். பாத்ரூம் கதவு திறக்காம ஜன்னல் வழியா குதிச்சு வெளிய வந்தேன். எல்லாம் என் பையன் கட்டின சுவரோட லட்சணம்" என்றார் ஆலிஸ்டர், நிலவறைப் படிகளில் இறங்கியபடி.

பின்னால் கருவிப் பெட்டியோடு இறங்கிய தச்சர் ஓரெஸ்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கனடாவின் ரெஜைனா நகரத்து நிலவறைகளில் முப்பது வருஷம் உழைத்தவர். ஆலிஸ்டரோ, குழாய் பழுது பார்க்க வந்தவருக்கே தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்தவர்.

மேலே சமையலறையிலிருந்து மனைவி வெர்னாவின் குரல் வந்தது.

"ஆலிஸ்டர், பேசினது ஞாபகம் இருக்கில்ல? தப்பு ரோரி மேல இல்லேன்னா, நீதான் அவனுக்கு போன் போடணும். நன்றித் திருநாள் விருந்துக்கு வான்னு உன் வாயால கூப்பிடணும்."

"அவன் மேலதான் தப்பு. வந்து ஒத்துக்கட்டும், வான்கோழியில பெரிய துண்டா வெட்டி வைக்கிறேன்."

மகன் ரோரி வீட்டுப் பக்கம் வந்து நாலு வருஷமாகிறது. கதவுகள் இறுக ஆரம்பித்த வருஷம், விருந்தாளிகள் நிறைந்த மேசையில் 'அரைகுறைத் தச்சன்' என்று அப்பா பட்டம் கொடுத்தார். மறு மாதமே கருவிகளை விற்றுவிட்டு லாரி ஓட்டப் போய்விட்டான்.

ஓரெஸ்ட் சுவரைத் தட்டிப் பார்த்தார். "சாருக்கு எந்த ஊரு?"

"ஹாலிஃபாக்ஸ். அங்க எங்க வீடு பாறை மேல நின்னுச்சு."

"இங்க களிமண்ணு சார். ஈரம் பட்டா உப்பும். தரையைத் தூக்கும்."

"தரை எழும்புறதுக்கு அது என்ன ரொட்டி மாவா? அவனும் இதே கதையைத்தான் சொன்னான்."

"கதை இல்ல சார். அதனாலதான் சுவரை மேல உத்தரத்துல தொங்க விட்டு, கீழ ரெண்டு அங்குலம் சும்மா விடுவோம். தரை ஏறினா அந்த இடைவெளிக்குள்ள ஏறிக்கும். இடம் இல்லேன்னா சுவரோட சேர்த்து வீட்டையே மேல தள்ளும். கதவு எப்படித் திறக்கும்?"

சுவரின் அடிப்பகுதியில் பலகையை அறுத்து எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அட, இந்த மரச்சட்டம் கட்டினவர் கெட்டிக்காரர் சார். அளவா இடைவெளி விட்டிருக்கார். அப்புறம் எவனோ ஒரு மேதாவி வந்து, அது பூரா மரத்துண்டைத் திணிச்சு, கான்கிரீட் வரைக்கும் ஆணி இறக்கியிருக்கான். ஒண்ணு ரெண்டு இல்ல. டாங்கி வந்து மோதினாலும் அசையாது."

ஆலிஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"கட்டினதும் ஆணி அடிச்சதும் ஒரே ஆளா இருக்கலாம் இல்லையா?"

பள்ளி மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்ட குரல், இப்போது எதிரே நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒரே ஆளா? சான்ஸே..." என்று ஆரம்பித்த ஓரெஸ்ட், இன்னொரு பலகையைப் பெயர்த்தார். டார்ச் வெளிச்சம் உள்ளே ஒரு மரச்சட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் திரும்பி ஆலிஸ்டரைப் பார்த்தார்.

"இருக்கலாம் சார். உங்க பையன் வேலைதான்."

"என்ன சொல்றார்?" மேலேயிருந்து வெர்னா.

ஆலிஸ்டர் படிகளின் பக்கம் திரும்பினார்.

"ரோரி தப்புதான்னு சொல்றார்."

மேலே காய் நறுக்கும் சத்தம் நின்றது. நாற்காலி ஒன்று இழுபட்டது.

ஓரெஸ்ட் டார்ச்சைத் தரையிலேயே வைத்துவிட்டு, கடப்பாரை எடுக்க வண்டிக்குப் போனார். போகும்போது ஆலிஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆலிஸ்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்தார். வெளிச்சம் விழுந்த சட்டத்தில் தச்சுப் பென்சிலில் எழுதியிருந்தது. சிவப்பு மையால் அவர் ஆயிரம் முறை திருத்திய அதே கோணல் கையெழுத்து.

"இந்தச் சுவரைத் திறக்கும் தச்சருக்கு: ஆணிகளை அடித்தது என் அப்பா. இரண்டு தடவை பிடுங்கிவிட்டேன், மூன்றாவது தடவையும் அடித்துவிட்டார். நீங்கள் இதைப் படிக்கும்போது அவர் பக்கத்தில் நின்றால், தயவு செய்து நான் அடித்ததாகவே சொல்லிவிடுங்கள். - ரோரி."