பேப்பர் போட்டு மூடிய திரை

ஜெயராஜ் அன்றைய தமிழ்ப் பேப்பரை விரித்தார். படிக்கிறதுக்கு இல்லை. ரோகிணி கொண்டு வந்த லேப்டாப்பின் திரையை அதைக் கொண்டு முழுசாக மூடினார்.

"இப்ப ஒரு ஆர்டர் போடும்மா."

ரோகிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பார்க்காம எப்படிப் போடுறது அங்கிள்?"

"பழசுல போடலாமே லா."

மலேசியாவில், மேரு என்கிற ஊரில் ஒரு மசாலாத்தூள் ஃபேக்டரி. கடைக்காரர்கள் போனில் சொல்லும் ஆர்டரை ஏற்ற, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ செய்து கொடுத்த புரோகிராம் ஒன்று அங்கே இருந்தது. சாம்பல் நிறம், கொட்டை எழுத்து, ஆர்டர் ஏறினால் ஒரு 'பீப்'. அது ஓடுகிற கம்ப்யூட்டர் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. புதுசில் அந்தப் புரோகிராம் ஏறாது.

ஆக, அதற்குப் புது முகம் கட்ட வேண்டும். முகம் கட்டுகிற சாமானுக்கு ஃபிரேம்வொர்க் என்று பேராம். அதில் பத்து வகையாம். எதில் கட்டலாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டியவள் ரோகிணி. பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தவளுக்கு இதுதான் முதல் வேலை. ஆர்டர் சூப்பர்வைசர் ஜெயராஜ் தலையாட்டினால்தான் கைக்கு வரும்.

மூன்று மாதிரி செய்து கொண்டு வந்திருந்தாள்.

முதலாவது, இன்டர்நெட் பக்கம் மாதிரி பிரவுசரில் திறப்பது. பேப்பரை எடுக்காமலே ஜெயராஜ் எஃப்-ஃபைவைத் தட்டினார். பழசில் அது ஆர்டரைச் சேமிக்கிற பட்டன். இதிலோ பக்கமே மறுபடி முதலிலிருந்து திறந்து, அடித்ததெல்லாம் காணாமல் போனது.

"அதை மடக்கிடலாம் அங்கிள்."

"ஒண்ணை மடக்கினா இன்னொண்ணு கிளம்பும். அடுத்தது?"

இரண்டாவது, விரலால் தொடுவது. மிளகாய்ப் படத்தைத் தொட்டால் மிளகாய்த்தூள்.

"படம் எங்க இருக்குன்னு விரலுக்கு எப்படிம்மா தெரியும்?"

மூன்றாவது பழைய பாணி. அழகு கம்மி, ஆனால் பட்டன்களை எல்லாம் இருந்த இடத்திலேயே வைக்கலாம். சும்மா கணக்குக்குக் கொண்டு வந்தது. அதைத் தட்டிப் பார்த்த பிறகுதான் ஜெயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் வாசலில் கார் சாவி குலுங்கியது.

"தம்புசாமி வந்துட்டேன்! நான்தான் தம்புசாமி!"

முதலாளி. ஒரு வாரமாக ரோகிணியும் பார்க்கிறாள், ஆபீசுக்குள் வரும்போதெல்லாம் இதே கூத்து. சொந்த ஃபேக்டரியில் சொந்தப் பேரையே கூவுகிற மனுஷனை அவள் பார்த்ததில்லை. இவ்வளவு பெருமையா?

"என்னம்மா முடிவு? அழகா இருக்கணும், என் ஹேண்ட்போன்லயும் தெரியணும், ஆமா!" என்று சொல்லிக்கொண்டே தன் ரூமுக்குப் போய்விட்டார்.

"பாஸுக்கு அழகு வேணும். உங்களுக்குக் கண்ணே வேணாம். நான் யார் பேச்சைத்தான் அங்கிள் கேட்கிறது?"

ஜெயராஜின் முகம் ஒரு மாதிரி ஆனது. பேப்பரை மடித்தார்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பழசில்? ரோகிணி ஆர்டர் மேசைப் பக்கம் போனாள். இருபது வருஷமாக அங்கே போன் எடுக்கிற சீதாலெட்சுமி, ஹெட்போனோடு பறந்துகொண்டிருந்தாள்.

"காப்பார் கடை பக்கிரிசாமி அண்ணனா? என்ன அண்ணே, சளியா? குரலே மாறிப்போச்சு. மீன் மசாலா ரெண்டு பெட்டி, மல்லி மூணு. நாளைக்கு லோரி வரும்."

பீப்.

ரோகிணி எட்டிப் பார்த்தாள். "சீதாக்கா, ஸ்கிரீன் இருட்டா இருக்கே!"

ஓடிய விரல்கள் அப்படியே நின்றன. சீதாலெட்சுமி திரும்பினாள். அவள் பார்வை ரோகிணியின் மேல் விழவில்லை. கொஞ்சம் தள்ளி, சுவரில் தொங்கிய காலண்டரில் விழுந்தது.

"எப்பலேருந்து, தங்கச்சி?"

ஜெயராஜ் ஓடி வந்தார். கழன்றிருந்த ஸ்கிரீன் வயரைச் செருகிவிட்டு, ரோகிணியை வெளியே லோரி நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போனார்.

"சர்க்கரைம்மா. ஒரு வருஷமாப் பார்வை குறைஞ்சுக்கிட்டே வந்து, இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. ஆனா ஒரு ஆர்டர் தப்பினதில்ல. எல்லாம் விரல்ல இருக்கு. பட்டன் இடம் மாறினா, விஷயம் வெளிய வந்துடும். பாஸ் வீட்டுக்கு அனுப்பிடுவார். மூணு பிள்ளைங்களை வச்சிக்கிட்டு அது என்ன செய்யும்?"

"அதுக்குத்தான் பேப்பரா?"

"வேற எப்படிப் பார்க்கிறது?"

வெள்ளிக்கிழமை முதலாளியின் ரூமில் ரோகிணி லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

"மூணாவதுதான் பாஸ் சரி. போன்ல தெரியாது. அழகும் சுமார்தான். ஆனா ஸ்பீடு."

"ஜெயராஜ் சொல்லிக் கொடுத்தாரா?"

"இல்ல பாஸ். இது... டெக்னிக்கல்."

தம்புசாமி அவளையே பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். முதல் வேலை போச்சு என்று ரோகிணி பையை எடுத்துக்கொண்டாள்.

"உட்காரும்மா. மூணாவதே போடு. ஒண்ணு மட்டும் சேர்த்துக்க. என்ன அடிச்சாங்களோ அதை மெஷின் வாய்விட்டுச் சொல்லணும். முடியுமா?"

"முடியும் பாஸ். ஆனா நீங்க அழகு, ஹேண்ட்போன்னு..."

"பாஸ்னா அப்படி ஏதாச்சும் கேட்கணும்ல? இல்லாட்டி சந்தேகம் வரும்." கார் சாவியை எடுத்து மெல்ல ஒரு குலுக்குக் குலுக்கினார். "யார் வர்றான்னு தெரியட்டும்னு நான் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றேன். மெஷினும் கொஞ்சம் சொல்லட்டும்."

ரோகிணி பையைக் கீழே வைத்தாள்.

"ஜெயராஜ்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதம்மா. எனக்குத் தெரியாதுன்னு, பாவம், ஒரு வருஷமா என்கிட்ட எவ்வளவு அழகாப் பொய் சொல்லிக்கிட்டு இருக்கார்!"