கொழும்பு நிலவரம்

"இன்னைக்கும் பதிமூணு மணி நேரமா மச்சான்?"

"ஆமா புள்ள. விடியக்காலம் போன கரண்டு. கடையைத் திறந்து வச்சு என்ன செய்ய? இருட்டுக்குள்ள யாரு துணி எடுக்க வாரா?"

ஜனாபா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பீடி இலை நறுக்கினாள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து, மேலப்பாளையத்தில் அவர்கள் தெரு வெயிலில் அடங்கிக் கிடந்தது.

அவள் கணவர் அலி அக்பர் கொழும்புக்குப் போய் இருபத்தோரு வருஷம். அடுத்தவர் கடையில் துணி மடித்துப் போட்டவர், எட்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாகக் கடை வைத்தார். இலங்கை நொடித்துப்போன இந்த வருஷத்தில் அவர் பேச்சில் வியாபாரம் குறைந்து, வரிசைகள் நிறைந்துவிட்டன.

"சாப்ட்டியளா?"

"காலையில ரெண்டு துண்டு ரொட்டி. கேஸ் வந்து மூணு வாரமாச்சு. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. பள்ளிக்கூடத்துல பரீட்சை வைக்கப் பேப்பர் இல்லன்னு தள்ளி வச்சுட்டான்னா பாரேன்."

"யா அல்லா."

"மண்ணெண்ணெய்க்கு நின்னேன் ஒருநாள். எனக்கு முன்னால ஒரு பெரியவர். வெயில்ல நின்ன மனுசன் அப்படியே சரிஞ்சுட்டார். நானும் இன்னொருத்தருமாத் தூக்கி நிழல்ல கிடத்தினோம். உசுரு போயிருச்சு. திரும்பிப் பாத்தா என் இடத்துல வேற ஆள் நிக்கான். அவன்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன் ஜனாபா. மய்யத்தை அங்கன போட்டுட்டு, கேனை ஆட்டிக்கிட்டு, இடத்துக்குச் சண்டை போட்டேன்."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இது எப்ப நடந்துச்சு?"

"எப்ப... போன வாரம்னு வையேன்."

அவள் கத்தரியை மறுபடி எடுத்துக்கொண்டாள். பிறகு, "வெள்ளிக்கிழமை கடையநல்லூர்க்காரவ வாராவ. நம்ம நிஷாவுக்குப் பேசி முடிச்சிரணும்னு நிக்காவ" என்றாள்.

"நல்ல இடம்தானே? உங்கண்ணன் அசன் மைதீன் இருக்காருல்ல, அவரு பேசட்டும்."

"அண்ணன் பேசுவாரு. பிள்ள இன்னும் சம்மதம் சொல்லலியே? வாப்பா முகத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. ரெண்டு நாளா சரியாச் சோறும் திங்கல."

மறுபக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மச்சான்?"

"எப்படி வரச் சொல்லுத? ஏர்போட்டுக்குப் போக ஒரு வண்டி கிடையாது. கடையைப் போட்டுட்டு வந்தா இருக்க சரக்கும் போயிரும்."

"போனா போகட்டும். வெறுங்கையோட வாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

"கேப்பாவ புள்ள. இருபத்தோரு வருஷம் இருந்து என்னத்தக் கொண்டு வந்தன்னு கேப்பாவ. வாய் திறந்து கேக்கலன்னாலும் பார்வையில கேப்பாவ. சொந்தக் கடை போடுதப்ப, இனி ஒருத்தன் கடையில கைகட்டி நிக்க மாட்டேன்னு உங்கண்ணன்கிட்ட என்ன வீறாப்பாச் சொல்லிட்டு வந்தேன்!"

"அவரு அதையெல்லாம் என்னைக்கோ மறந்துட்டாரு."

"நான் மறக்கணுமே."

சொல்லிவிட்டு இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இருமல்.

"என்ன, தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?"

"தூசி. வேற ஒண்ணும் இல்ல."

"டாக்டர்கிட்டப் போனியளா?"

"இங்கன எந்த ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு? சுடுதண்ணி குடிச்சாச் சரியாயிரும். நீ கவலைப்படாத. நிஷாகிட்ட நான் போன்ல பேசிச் சம்மதம் வாங்குதேன்."

"போன்ல பேசுனா அவ அழுவா. பின்னால என்ன சத்தம், காது அடைக்கு?"

"அதுவா? பக்கத்துக் கடை ஜெனரேட்டர். எங்கனயோ கொஞ்சம் டீசல் கிடைச்சிருக்கு போல."

அந்நேரம் பார்த்து அவள் தலைக்கு மேலே மின்விசிறி முனகி, மெதுவாகி, நின்றது. எதிர்வீட்டு விசைத்தறியும் ஓய்ந்தது. "ஏலே, கரண்டு போயிட்டுலே" என்று தெருவில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.

போனுக்குள் இரைந்துகொண்டிருந்த ஜெனரேட்டரும் இழுத்து இழுத்து அடங்கியது.

அலி அக்பர் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. இணைப்பைத் துண்டித்துவிடுவாரோ என்று பயந்தவள்போல அவள் போனைக் கையில் எடுத்து, காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், பாளையங்கோட்டை மாவு மில்லுல நீங்க மூடை தூக்குததை அண்ணன் பாத்துட்டு வந்து ஒரு மாசமாச்சு. நீங்களாச் சொல்லுவியன்னுதான் தினமும் கொழும்பைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள் பைய. "பஸ் ஏறினா கால் மணி நேரம், மேலெல்லாம் மாவா இருந்தாலும் பரவால்ல, அப்படியே வாங்க."