பஞ்சுவுக்குப் பத்தியம்

"டாக்டர், இந்த மனுஷர் ஒரு பச்சைக் குழந்தையைக் கொல்லப் பார்க்கிறார்!"

கூடையை மேஜைமேல் வைத்த கையோடு அந்தப் பெண் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த நாய் ஒன்று குரைப்பதையே நிறுத்திவிட்டது.

பச்சைக் குழந்தை கூடைக்குள் இருந்தது. பத்து வார முயல்குட்டி, பெயர் பஞ்சு. கொல்லப் பார்த்த மனுஷர் பின்னால் நின்றார். அவளுடைய மாமனார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

டாக்டரம்மாவுக்கு எடுத்த எடுப்பிலேயே அவளைப் பிடிக்கவில்லை. வயசான மனுஷரை நாலு பேர் காதில் விழ இப்படியா பேசுவது?

"என்ன ஆச்சும்மா?"

"டப்பாவுல பிஸ்கட் போட்டு வைக்கிறேன். மூணாம் நாள் டப்பா காலி. கேட்டா, முயலுக்குப் போட்டேங்கிறார். முயல் பிஸ்கட் தின்னலாமா டாக்டர்?"

"கூடவே கூடாது. குட்டி வயசுல மாவும் சர்க்கரையும் உள்ளே போனா குடல் கெட்டுடும். பேதி பிடிச்சா ஒரே நாள்ல உயிரே போயிடும்."

"கேட்டீங்களா மாமா? நல்லா காதுல வாங்கிக்கங்க!"

"அது ஏக்கமாப் பாக்குதும்மா," என்றார் பெரியவர், தரையைப் பார்த்தபடி. "மனசு கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்."

"ஒண்ணா? வாரத்துக்கு ரெண்டு பாக்கெட்! இது முயலா, யானையா?"

டாக்டரம்மா பஞ்சுவைத் தூக்கி வயிற்றை மெல்ல அமுக்கினார். உப்பலே இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். உள்ளே குடல் ஜோராக வேலை செய்துகொண்டிருந்தது. வாலடியில் ஒரு கறை இல்லை. கூடையில் கிடந்த புழுக்கை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். நல்ல உருண்டை, உடைந்ததும் அத்தனையும் காய்ந்த புல்தூள்.

இந்த முயல் பிஸ்கட்டை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை!

நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தார். அவரோ சுவரில் மாட்டியிருந்த நாய்ப்பல் படத்தை, நாளைக்குப் பரீட்சை என்பதுபோல் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவுக்கு சர்க்கரை உண்டா?"

"முன்னூறு!" என்றாள் மருமகள். "போன மாசம் பாத்ரூம்ல மயங்கி விழுந்தார்."

டாக்டரம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கூடவே தர்மசங்கடமும் வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னால் இவள் அந்த மனுஷரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். சொல்லாமல் விட்டாலோ, அவர் தின்றே உடம்பைக் கெடுத்துக்கொள்வார்.

"ஐயா, வெளியே எடை மெஷின் இருக்கு. பஞ்சுவைக் கொண்டுபோய் எடை பாத்துட்டு வாங்க."

அவர் போனதும் கதவைச் சாத்தினார்.

"கோபப்படாம கேளுங்கம்மா. முயல் பிஸ்கட்டைத் தொடவே இல்லை."

"தெரியும் டாக்டர்."

இத்தனை நேரம் கத்திய குரலா இது? டாக்டரம்மா குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"முதல் டப்பா காலியானப்பவே தெரியும். அன்னிக்கே சர்க்கரை இல்லாத பிஸ்கட்டா மாத்திட்டேன். பக்கத்துல கிடைக்காது, மூணு கடை ஏறி இறங்கித்தான் வாங்கறேன். ஆனா அதுவும் மாவுதானே? இப்படி அள்ளி அள்ளித் தின்னா அதுவும் ஆகாதுன்னு அவரோட டாக்டர் சொல்லிட்டார்."

"அதை அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"திருடித் தின்னது எனக்குத் தெரியும்னு ஆயிட்டா, அப்புறம் என் முன்னாடி அவர் தலை நிமிர்ந்து சாப்பிடுவாரா? பெத்த பொண்ணு மாதிரி என்னை வச்சிருக்கார் டாக்டர்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "முயல் பேர் கெட்டா பரவாயில்லை. அதுக்கு என்ன, நாளைக்குக் கல்யாணமா பண்ணப்போறோம்? நீங்கதான் ஏதாவது வழி பண்ணணும்."

டாக்டரம்மா சீட்டை எடுத்து மளமளவென்று எழுதினார். பெரியவர் திரும்பி வந்ததும், கண்டிப்பான குரலில் படித்துக் காட்டினார்.

"பஞ்சுவுக்கு இனிமே பிஸ்கட் கிடையாது. ஒரு துண்டுகூட. டப்பாவே வீட்ல இருக்கக் கூடாது. வேணுங்கற மட்டும் புல்லு, கொஞ்சம் கீரை, நிறைய தண்ணி. காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி ஓடியாடணும். தனியா விடக் கூடாது, கூடவே ஒரு ஆள் நடக்கணும். நீங்கதான் நடக்கணும்."

ஒரு வரி பொய் இல்லை. டாக்டரம்மாவுக்குத் தன்மேலேயே கொஞ்சம் பெருமை வந்தது.

"இனிமேலாவது குட்டி பிழைச்சுக் கிடக்கட்டும்," என்று கடைசியாக ஓர் அதட்டல் போட்டுவிட்டு, மருமகள் ஸ்கூட்டரை எடுக்கப் போனாள்.

கூடையை மூடிக்கொண்டிருந்த பெரியவர், அவள் படியிறங்கியதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என் வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டர்! அந்த சர்க்கரை இல்லாத பிஸ்கட் இருக்கே, மரத்தூள் தோத்துடும். ஒரு மாசமா அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

டாக்டரம்மா திகைத்துப் போனார். "தெரிஞ்சேவா தின்னீங்க? அன்னிக்கே நிறுத்தியிருக்கலாமே ஐயா?"

"நிறுத்தினா, அவ பிஸ்கட்டை மாத்தினதை நான் கண்டுபிடிச்சது அவளுக்குத் தெரிஞ்சுபோயிடுமே! என் மானத்தைக் காப்பாத்த அந்தப் பொண்ணு இவ்வளவு பெரிய நாடகம் ஆடுது. நான் பாதியில எழுந்து போனா நல்லாவா இருக்கும்?"