பழைய மெயில்பாக்ஸ்

"என் தங்கச்சி சந்திரமதி, கம்பெனியைப் பிரிச்சுக்கிட்டு ஜூரோங் போனதுலேர்ந்து மன்னிப்புக் கேட்டு எத்தனை மெயில் போட்டேன்! ஒரு பதில் இல்ல லா," என்றார் சேதுபதி.

மெயில் சர்வரைச் சரிபார்க்க வந்த திவ்யதர்ஷினி நிமிர்ந்தாள்.

"சார், அவங்க கம்பெனியோட மெயில் டொமைன் வேற சர்வருக்குப் போயிடுச்சு. ஆனா உங்க சர்வர்ல அது இன்னும் இங்கேயே இருக்கிற மாதிரி செட் பண்ணியிருக்கு. நீங்க அனுப்பினதெல்லாம் வெளியவே போகல. அவங்களோட பழைய மெயில்பாக்ஸ்லதான் கிடக்கு."

சேதுபதியின் முகம் மலர்ந்தது. "அப்போ சந்திரமதி எதையுமே பார்க்கலையா?"

"பார்த்திருக்க மாட்டாங்க. வேற அக்கவுண்ட்லேர்ந்து அனுப்பியிருந்தாதான் போயிருக்கும்."

அவர் மலர்ச்சி அப்படியே அடங்கியது.

பதில் வராத கோபத்தில், முன்பு ஒருநாள் கைப்பேசியை எடுத்து, சொந்த ஜிமெயிலிலிருந்து அவர் அனுப்பியது ஒரே ஒரு மெயில்தான்.

'இனி என் முகத்திலேயே முழிக்காதே.'