செவலையின் முட்டி

"இது மருந்தா, சுண்ணாம்புத் தூளா?" காலி டப்பாவை டாக்டரம்மாவின் காலடியில் வீசினார் குதிரைக்காரர். "நாப்பது நாளா கொடுத்தாச்சு. எலுமிச்சை அளவு இருந்த வீக்கம் மாங்கா அளவுக்கு வந்து நிக்குது!"

செங்கல் சூளையின் தகரக் கொட்டகைக்குள் வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றிருந்தது செவலை. அது இழுக்க வேண்டிய வண்டி, பாதிக் கல்லோடு வாசலிலேயே கிடந்தது.

டாக்டரம்மா டப்பாவைப் பொறுக்கி எடுத்தார். "இதே பொடியைத் தின்னுட்டு எத்தனையோ குதிரை எழுந்து நடந்திருக்கு. ஒழுங்கா கொடுத்தீங்களா, இல்ல எங்கயாவது வித்துட்டீங்களா?"

"யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க!" அவர் போட்ட சத்தத்தில் செவலை மிரண்டு காதை மடக்கியது. "தீனியில பொடியைக் கலந்து வெச்சிட்டுத்தான் என் பொண்டாட்டி எங்க அடுப்பையே பத்த வைக்கிறா. ஒரு நாள் தவறல. அவளையே கேளுங்க!"

தீனி வாளியோடு தூணோரம் நின்ற மனைவி தலையை மட்டும் அசைத்தாள்.

குதிரைக்காரர் விருட்டென்று குந்தி உட்கார்ந்து, செவலையின் வீங்கிய முட்டியைத் தடவிக் காட்டினார். அதே வேகத்தில் எழுந்து டாக்டரம்மாவை முறைத்தார்.

"கோபம் வந்தா முட்டிவலிகூடப் பறந்துடும் போல" என்று சிரித்தார் சூளை முதலாளி. "போன மாசம் கம்பு ஊனிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்த மருந்துக்கே கேக்கலைன்னா, மூட்டு உள்ள தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். வேற மருந்து கொடுத்து ஆறு மாசம் சும்மா நிறுத்திப் பார்க்கலாம், தேறும்னு சொல்ல முடியாது. இல்லாட்டி ஊசி போட்டு வலியில்லாம முடிச்சிடலாம்."

"ஆறு மாசம் சும்மா நிக்க வெச்சுத் தீனி போட இது என்ன மாமியார் வீடா?" முதலாளி கைப்பேசியை எடுத்துக்கொண்டார். "முடிச்சிடுங்க."

"முடிச்சிடறதா?" குதிரைக்காரர் கத்தினார். "அஞ்சு வருஷமா உங்க கல்லை இழுத்து இழுத்துத்தானே இந்தக் கதி! கொட்டற மழையில ஒரு நடை குறைச்சிருப்பீங்களா?"

"குரலை இறக்கு. டாக்டரை வரவழைச்சது நான். மருந்து வாங்கித் தந்தது நான். இதுக்கு மேல ஒரு குதிரைக்கு என்ன பண்ணணும்ங்கற?"

குதிரைக்காரர் செவலையின் கடிவாளக் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா பெட்டியைத் திறந்து ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"வேணாம்!" வாளியைப் போட்டுவிட்டுக் குறுக்கே வந்து நின்றாள் மனைவி.

"நீ தள்ளுடி. எனக்கு மட்டும் மனசு கேக்குதா? மருந்தே கைவிட்டதுக்கப்புறம் என்ன பண்றது?"

"மருந்து கைவிடல." அவளுக்கு மூச்சு வாங்கியது. கண் முதலாளி மீதே இருந்தது. "குதிரை நொண்டினா டாக்டரு வர்றாங்க. நீ நொண்டினப்ப யாருய்யா வந்தா? பத்து நாள்ல நிமிர்ந்து நடக்கலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னுதானே இவரு சொன்னாரு!"

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"பொடி பூராவும் உன் டீயிலதான்யா கலந்தேன்."