முதல் முடி

தலையில் தண்ணீர் விழுந்ததும் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

தண்ணீர் உடனே வழியவில்லை. முடிக்குள் சற்றுத் தங்கி, வழி தேடி, பிறகுதான் நெற்றிக்கு இறங்கியது.

நாற்பத்தொரு வயதில் இதுவும் அவருக்குப் புதிதாக இருந்தது.

முதல் மொட்டையைத் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆவுடையப்பன் மாமாவுக்கோ எழுபது கடந்துவிட்டது.

"நாப்பது வயசுக் கொழந்தையத் தூக்கி மடியில வெச்சா, அப்புறம் எனக்குல்லால ஆசுபத்திரி பாக்கணும்."

ஆகவே மாமா பலகையில் அமர்ந்தார். அவர் கீழே, மாமாவின் முழங்கால்களுக்கு நடுவே. குழந்தை திமிறாமல் இருக்கப் பிடிப்பதுபோல மாமா இரு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, இதே குலசாமி கோயிலில் மொட்டைக்கு நாள் குறித்திருந்தார்கள். நாள் வருவதற்குள் முடி தானாகவே உதிர்ந்துவிட்டது. புருவமும் இமைமுடியும்கூட. உடலின் காவல்படையே முடியின் வேர்களைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது என்று பின்னாளில் சொன்னார்கள்.

அம்மா ஒவ்வொரு கொடைத் திருவிழாவுக்கும் சாமி முன் நின்று, "வளந்ததும் தாரேன், கோவிச்சுக்கிடாத" என்று தவணை கேட்பார். கேட்டபடியே போய்ச் சேர்ந்தார்.

சென்ற ஆண்டு அவருக்கு எலும்பு மஜ்ஜையில் நோய் கண்டது. ரத்தம் ஊற வேண்டிய இடத்தில் நார் மண்டியிருந்தது. மண்ணீரல் வீங்கி, இரண்டு வாய்ச் சோற்றுக்குமேல் வயிற்றில் இடமில்லை. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்று சொன்ன மருத்துவர், காலையும் மாலையும் விழுங்க ஒரு சிறிய வெள்ளை மாத்திரையைத் தந்தார். கைனேஸ் தடுப்பான் என்று அதன் இனத்துக்குப் பெயராம். அணுக்களுக்குள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு மணியை அது நிறுத்துமாம்.

மண்ணீரல் சுருங்கியது. பசித்தது.

பிறகு ஒரு நாள், முகம் கழுவுகையில், விரலில் புருவம் தட்டுப்பட்டது.

மருத்துவருக்கும் வியப்புத்தான். முடியைத் தாக்கச் சொன்னதும் அதே மணியோசைதானாம். ஒன்றை நிறுத்தப் போய் இரண்டும் நின்றிருக்கின்றன. எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை என்றும் சொன்னார்.

அவர் சீப்பு வாங்கினார்.

வகிடு எந்தப் பக்கம் எடுப்பது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டார். முடி அசைவதை உணர்வதற்காகவே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தார். தலையணையில் ஒற்றை முடி கிடந்தால், எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கொடுக்க மனம் வரவில்லை. மாமா நினைவூட்டும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போட்டார்.

நேற்று மருத்துவர் அழைத்திருந்தார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால் இனி மாத்திரை பாதியளவுதான்.

"அப்ப முடி?"

கேட்ட பிறகு அவருக்கு வெட்கமாக இருந்தது. மண்ணீரலைப் பற்றியல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்.

"தெரியல சார். பாக்கலாம்."

இரண்டுக்கும் சேர்த்தே அந்தப் பதில் என்று எடுத்துக்கொண்டார்.

மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. நாளைக்கே கோயிலுக்குப் போவோம் என்று மட்டும் சொன்னார். மறுபடியும் முடி தானாக உதிர்ந்து, சாமியை இன்னொரு முறை வெறுங்கையோடு நிறுத்த அவருக்கு விருப்பமில்லை.

நாவிதர் கத்தியில் புது பிளேடு மாட்டினார்.

"முழுசாவா அண்ணாச்சி, பூமுடியா?"

பூமுடி என்றால் ஒரு கொத்தை மட்டும் கத்தரித்துக் காணிக்கையாக வைப்பது. மீதி தலையிலேயே இருக்கும்.

மாமா முந்திக்கொண்டார். "பூமுடியே போதும்யா. ஆசையா வளத்துருக்கான். சாமி என்ன, எடை போட்டா பாக்கப் போவுது?"

அவர் யோசித்தார்.

பூமுடி என்றால் இன்னும் சில வாரங்களுக்குச் சீப்புக்கு வேலை உண்டு. தினமும் விடிந்ததும் தலையணையைப் பார்க்க வேண்டும். பயந்து பயந்து பார்க்க வேண்டும்.

முழுவதும் வழித்துவிட்டால்?

பாதி மாத்திரைக்கு எவ்வளவு முளைக்கும்? வெறுந்தலையில்தானே அது தெரியவரும்?

அச்சத்துக்கு அடியில் இந்தக் கேள்வி ஒரு சிறு பூச்சிபோல ஊர்ந்தது. அதை நசுக்க அவருக்கு மனமில்லை.

"முழுசா," என்றார். "கீறாம மட்டும் பாத்துக்கிடுங்க. எனக்கு இப்ப ரத்தம் சட்டுனு நிக்காது."

தோளில் மாமாவின் பிடி இறுகியது.

"இது எப்பத்துலருந்துல?"

கத்தி உச்சியில் பட்டது. வழித்த இடத்தில் காற்று ஏறியது. முடி கற்றையாக மடியில் விழுந்தது. ஈரமாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக.

"ஆடாம இருல," என்றார் மாமா.

அவர் ஆடவில்லை. மாமாவின் பிடியும் தளரவில்லை.

எங்கும் கீறவில்லை. நாவிதர் ஈரத் துணியால் தலையைத் துடைத்துவிட்டு, அழும் குழந்தைகளுக்கெல்லாம் சொல்வதை அவருக்கும் சொன்னார்.

"பத்தே நாள்ல பொசுபொசுன்னு வந்துரும், பாருங்க."

"பாக்கணும்," என்றார் அவர், உண்மையாகவே.

சந்தனம் பூசினார்கள். குளிர்ந்தது. கண்ணாடி கேட்டு வாங்கி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். புருவம் இருந்தது. புருவத்தோடு கூடிய மொட்டைத் தலையை அவர் இதுவரை கண்டதில்லை.

மாமா சட்டையை எடுத்துவந்து மாட்டிவிட்டார். சட்டைப் பையிலிருந்து சீப்பு பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமா அதைப் பார்த்தார். தரையில் கிடந்த முடியையும் பார்த்தார்.

பிறகு ஒரு விரலால் அந்தச் சீப்பை, குனிந்தாலும் விழாதபடி, பையின் அடிவரை அழுத்திவைத்தார்.