இருசப்பனின் ஐஸ் பெட்டி

குளிரை ஆளத் தெரிந்தவன் காலத்தையே நிறுத்தி வைக்கிறான். அப்படிப்பட்ட ஒருவன் இப்போது நைனார்பாளையத்தில் ஒரு வாடகை ஐஸ் பெட்டியின் முன்னால் மண்டியிட்டிருக்கிறான். சரக்குக் கப்பலில் குளிர்சாதன இன்ஜினியராக இருக்கும் பகலவன், லீவில் வந்த இடத்தில் அப்பாவைப் பறிகொடுத்தவன். பொழுது சாய்ந்துவிட்டது. பெட்டிக்குள் அப்பா இருசப்பன் நெற்றியில் ஒற்றை ரூபாயோடு படுத்திருக்கிறார். கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்து வழிகிறது. சாமந்தி மாலை நனைந்து கருக்கிறது. மோட்டார் கிளம்பப் பார்க்கிறது, முனகிவிட்டு அடங்குகிறது. "கப்பல் கப்பலா மீனயே கெடாம வச்சிகினு போறவன், பெத்தவர வுட்டுடுவானா?" என்று பெரியம்மா கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்கிறாள். அம்மா ஆயம்மாள் அவன் தோளைப் பிடிக்கிறாள். "ஒந் தங்கச்சி துபாய்லேர்ந்து ஃபிளைட்டு ஏறிட்டாடா. காலையில வந்து அப்பா மூஞ்ச பாக்கணுங்குறா. தாங்குமா?" பகலவன் மோட்டாரில் காதை வைக்கிறான். கோளாறு பெட்டியில் இல்லை, வோல்டேஜ் கம்மி. அதே வீட்டு லைனிலிருந்து இன்னொரு வயர் தெருவுக்கு ஓடுகிறது. அங்கே கண்ணீர் அஞ்சலி பேனரின் மேல் எரியும் நான்கு ஃபோகஸ் விளக்குகள் இருக்கிற கரண்டையெல்லாம் குடிக்கின்றன. பேனரின் ஓரத்தில் இருசப்பன் உள்ளங்கையளவு சிரிக்கிறார். நடுவில் வெள்ளைச் சீருடையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆள் உயரத்துக்குப் பகலவன் நிற்கிறான். "இன்னாடா ஆச்சி, சொல்லேன்" என்கிறாள் அம்மா. அவன் தெருவைப் பார்க்கிறான். "பொட்டி பழசும்மா" என்கிறான். கூட்டம் பெட்டியை வாடகைக்கு விட்டவனைத் திட்டத் தொடங்குகிறது. விளக்குகளை மாட்டச் சொன்னது பகலவன்தான்.